சுவரை உடைப்பதற்கு முன்: பிளாட் சுவருக்குள் கசியும் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் முறை

சுவரில் பெயின்ட் கொப்பளிக்கும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை வாடை வரும். கை வைத்தால் சில்லென்று இருக்கும். அடுக்குமாடியில் வீடு வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது இதைப் பார்த்திருப்பார்கள். எங்களுக்கு வந்தபோது (சென்னை, கீழே கார் பார்க்கிங், மேலே மூன்று மாடி, நாங்கள் இரண்டாவது) ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிளம்பர், "பைப்புதான் சார், உடைச்சுப் பாத்துடலாம்" என்றார். பெயின்டர் வெளிச்சுவரில் விரிசல் என்றார். வாட்டர்ப்ரூஃபிங் ஆள் மேல் வீட்டு பாத்ரூமை முழுசாகப் பெயர்த்துப் போடச் சொன்னார். கவனித்தால், ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். பிளம்பர் உடைத்த சுவருக்குள் பைப் காய்ந்து கிடந்தது.

அதனால் முதல் விதி: எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை யாரையும் சுத்தியலை எடுக்க விடாதீர்கள். ஈரம் தெரியும் இடம் வேறு, தண்ணீர் ஒழுகும் இடம் வேறு. தண்ணீர் ஸ்லாப்பின் மேலேயே பல அடி ஓடி, எங்கே விரிசலோ, எங்கே ஒயர் குழாய் இறங்குகிறதோ, அங்கே வெளிவரும். கீழே சொல்லும் படிகள் செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போகின்றன. முதல் சில படிகளிலேயே விடை கிடைத்துவிடலாம்.

1. முதலில் மின்சாரம்

ஈரமான சுவரில் சுவிட்ச் போர்டோ பிளக்கோ இருந்தால் அந்த சர்க்யூட்டின் எம்சிபியை (மின் பெட்டியில் அந்த இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி வையுங்கள். ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) காரணமில்லாமல் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்றால் அதையும் ஈரத்தோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டில் ஆர்சிசிபியே இல்லை என்றால் (பழைய பிளாட்களில் பெரும்பாலும் இருக்காது) 30 மில்லிஆம்பியர் அளவில் ஒன்று போடச் சொல்லுங்கள். மற்ற வேலைகளெல்லாம் அதற்குப் பிறகு.

2. ஈரம் எப்போது கூடுகிறது என்று எழுதி வையுங்கள்

காசே செலவில்லாத படி. ஆனால் எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான். ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு ஸ்கேலை ஒட்டி வைத்து போட்டோ எடுங்கள். இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில். கூடவே ஒரு நோட்டில் மழை பெய்ததா, ஏசி ஓடியதா, மேல் வீட்டில் ஆள் இருந்தார்களா, அந்த பாத்ரூமை யாராவது பயன்படுத்தினார்களா என்று ஒரு வரி. பின்னால் பில்டரிடமோ மேல் வீட்டுக்காரரிடமோ பேசும்போது இந்த நோட்டுதான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆவணம்.

நோட்டைப் படிக்கும் விதம் இது.

இரவும் பகலும், வெயிலும் மழையும், ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ஈரம் கூடிக்கொண்டே போனால் அழுத்தத்தில் இருக்கும் சப்ளை லைனைச் சந்தேகியுங்கள். அதில் தண்ணீர் எப்போதும் நிற்கிறது, அதனால் எப்போதும் ஒழுகும்.

காலையில் குளித்து முடித்த பிறகு கூடி, வீட்டில் ஆள் இல்லாத நாட்களில் குறைந்தால் கழிவு லைன் அல்லது பாத்ரூம் தரை. ஒரு சிக்கல் உண்டு: பாத்ரூம் சங்கன் ஸ்லாப்பாக இருந்தால், அதாவது தரைக்குக் கீழே சுமார் ஓரடி பள்ளம் விட்டு அதில் செங்கல் ஜல்லி நிரப்பியிருந்தால், அந்தப் பள்ளம் தொட்டிபோல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேல் வீட்டுக்காரர் ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் உங்கள் கூரையில் ஈரம் குறையாது. "நாங்க ஊர்லயே இல்ல, அப்பவும் நனையுதே, அப்ப எங்க வீடு இல்ல" என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதை வைத்து அவர் வீடு இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து, தை மாதம் காய்ந்தால் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், மொட்டை மாடி, பாரப்பெட் (மாடியின் கைப்பிடிச் சுவர்). மழை நின்று எத்தனை மணி நேரத்தில் ஈரம் தெரிகிறது என்பதையும் எழுதுங்கள்.

சித்திரை, வைகாசியில் மட்டும், அதுவும் ஏசி இருக்கும் சுவரில் என்றால் சுவருக்குள் புதைத்த ஏசி தண்ணீர் குழாயைப் பாருங்கள். குழாய் அடைத்திருக்கலாம், சரிவு இல்லாமல் இருக்கலாம். ஏசி மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். இதற்குப் போய் டைல்ஸ் உடைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

தரையிலிருந்து மூன்று அடிக்குள் மட்டும் ஈரம், அதுவும் தரைத் தளத்தில் என்றால் அது பெரும்பாலும் நிலத்திலிருந்து ஏறும் ஓதம். அதற்கு வைத்தியம் வேறு; இந்தக் கட்டுரையில் அதற்குள் போகவில்லை.

ஈரத்தோடு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் சில காலமாகவே செங்கல்லையும் சிமென்ட்டையும் ஊடுருவி வருகிறது என்று பொருள். அதை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம், இடத்தைச் சொல்ல முடியாது.

3. பேப்பர்களைத் தேடி எடுங்கள்

தேடும்போதே எடுத்து வைத்தால் பின்னால் அலைச்சல் மிச்சம். வேண்டியவை: கட்டுமான ஒப்பந்தம், கிரயப் பத்திரம், சாவி ஒப்படைத்த கடிதம் (தேதியோடு), கம்ப்ளீஷன் சர்டிபிகேட் இருந்தால் அது, சங்கத்தின் பைலா, உங்கள் மாடியின் பிளான். எல்லாவற்றையும்விட உபயோகமானது பிளம்பிங் வரைபடம். பில்டரிடம் "ஆஸ் பில்ட் டிராயிங்" (கட்டி முடித்தபடியே வரைந்த வரைபடம்) என்று பெயர் சொல்லியே கேளுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் கேட்ட தேதி பதிவாகிவிடும்.

பல பில்டர்களிடம் அப்படி ஒரு வரைபடமே இருக்காது. அப்போது கட்டும்போது எடுத்த போட்டோக்களைத் தேடுங்கள். பூச்சுக்கு முன்னால் எடுத்த ஒரே ஒரு படம் போதும், பைப் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். உங்களிடம் இல்லாவிட்டால் அதே வரிசையில் வீடு வாங்கிய வேறு யாரிடமாவது இருக்கலாம். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் கேட்டுப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே வரிசை வீடுகளில் பைப் போகும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான்.

4. வால்வும் தொட்டியும்

சென்னை அடுக்குமாடிகள் பலவற்றில் வீட்டுக்குத் தனி மீட்டர் கிடையாது. அதனால் மீட்டர் முள் சுற்றுகிறதா என்று பார்க்கும் வழி நமக்குப் பயன்படாது. மொட்டை மாடித் தொட்டியைத்தான் மீட்டராக வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுக்குத் தனித் தொட்டி இருந்தால் சுலபம். இரவு மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, ஃப்ளஷ் டேங்கின் ஆங்கிள் காக்கையும் மூடி, தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 8 லிட்டர் போயிருக்கிறது. மூடி போட்ட தொட்டியில் ஆவியாகிப் போவது ஒரு பொருட்டே அல்ல. அடுத்த இரவு தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். முதல் இரவு இறங்கி, இரண்டாம் இரவு இறங்காமல் இருந்தால் உங்கள் சப்ளை லைனில் ஒழுகல் இருக்கிறது.

பொதுத் தொட்டியாக இருந்தால் மட்டத்தை நம்ப முடியாது, யாராவது தண்ணீர் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். மாடியிலிருந்து உங்கள் வீட்டுக்கு இறங்கும் லைனுக்குத் தனி வால்வு இருக்கிறதா பாருங்கள். அதை இரண்டு மூன்று நாள், தேவைப்படும் நேரம் தவிர, மூடியே வைத்து, பென்சில் கோடு என்ன ஆகிறது என்று கவனியுங்கள்.

இதில் ஒரு பொறி. பழைய கேட் வால்வு மூடினாலும் முழுசாக நிற்காது. வால்வை மூடி, வீட்டுக்குள் தாழ்வான குழாய் ஒன்றைத் திறந்து வையுங்கள். லைனில் மிச்சமிருக்கும் தண்ணீர் வடிந்து சில நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். அரை மணி கழித்தும் சொட்டிக்கொண்டிருந்தால் வால்வு பாஸ் ஆகிறது. முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் இந்தச் சோதனையும் பொய், அடுத்து வரும் பிரஷர் சோதனையும் பொய்.

ஃப்ளஷ் டேங்க் உள்ளுக்குள்ளேயே கோப்பைக்குள் வடிந்தாலும் தொட்டி மட்டம் இறங்கும், சுவர் நனையாது. அதனால்தான் அதன் காக்கை மூடச் சொன்னேன். டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு, கோப்பையில் கலர் வருகிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இதோடு இன்னொன்று: ஈரத்தின் மேல் ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அறைப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அது காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. அடுத்த அறையில் ஏசி ஓடினால் இப்படி நடக்கும். ஷீட்டுக்குப் பின்னால் சுவர் கறுத்து நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது.

5. மேல் வீட்டு பாத்ரூம்

இரண்டாம் படியில் கழிவு லைன் பக்கம் சந்தேகம் திரும்பினால் இதுதான் அடுத்தது. இங்கேதான் சண்டை வரும். மேல் வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, உங்க பாத்ரூம் ஒழுகுது" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "எங்க சுவர் நனையுது அக்கா, எங்கேருந்துன்னு பாக்கணும், ரெண்டு மூணு நாள் அந்த ஒரு பாத்ரூமைப் பயன்படுத்தாம இருக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். நோட்டையும் போட்டோவையும் காட்டுங்கள். சோதனைச் செலவு உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிவான பிறகு அன்றைக்கே ஒரு வாட்ஸப் செய்தியும் அனுப்பி வையுங்கள்: என்ன சோதனை, எந்தத் தேதி, யார் யார் இருப்பார்கள். சங்கச் செயலாளரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பிளம்பர்கள் நேரே தரையில் தண்ணீர் கட்டி நிறுத்துவார்கள். அதை முதலில் செய்யாதீர்கள். தண்ணீர் நிறுத்தினால் தரை, டிராப் (தரைத் தண்ணீர் வடியும் ஜாலிக்குக் கீழே இருக்கும் கிண்ணம்; நானி டிராப் என்பதும் இதுதான்), சுவரோரம் எல்லாம் ஒரே நேரத்தில் நனையும். கீழே ஈரம் வந்தாலும் எதனால் என்று தெரியாது. வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் மூன்று நாள் அந்த பாத்ரூமைக் காய விடுங்கள். இந்த நேரத்தில் உங்கள் கூரையிலும் சுவரிலும் ஈர மீட்டர் வைத்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு முள் உள்ள சாதாரண ஈர மீட்டர் ஆன்லைனில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அந்த முதலீடு வீண் போகாது.

அப்புறம் கழிவு லைன். ஒரு ஹோஸை நேராக நானி டிராப்பின் வாய்க்குள் விட்டு, தரை நனையாமல், ஐந்தாறு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் காத்திருந்து மீட்டரைப் பாருங்கள். அடுத்து வாஷ்பேசின் கழிவு, அதற்கடுத்து ஃப்ளஷ். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி.

கழிவு லைன் தப்பித்துவிட்டால் மட்டும் தரை. டிராப்பை டெஸ்ட் பிளக் வைத்தோ, பிளாஸ்டிக் பையில் துணி சுற்றித் திணித்தோ அடைத்து, ஒன்றரை இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். கதவு நிலையின் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவர்கள் படுக்கையறை நனைந்து புதுப் பிரச்சினை ஆரம்பமாகும். மட்டத்தை டைல்ஸில் குறித்து 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விடுங்கள்.

கடைசியாகச் சுவர் டைல்ஸ். டிராப்பைத் திறந்துவிட்டு, ஷவரைச் சுவரின் மேல் அடிக்கும்படி இருபது நிமிடம் விடுங்கள். மிக்ஸர் தகட்டைச் சுற்றி, மூலைகளில், கிரௌட் (டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் பூச்சு) உதிர்ந்த இடங்களில் கவனம்.

கலர் போடலாமா? போடலாம், டிராப்புக்கு ஒரு கலர், தரைக்கு ஒரு கலர். கீழே அந்தக் கலர் வந்தால் மறுக்க முடியாத சாட்சி. வரவில்லை என்றால் அதற்கு அர்த்தமே இல்லை; செங்கல் ஜல்லி கலரை உறிஞ்சிக்கொண்டு வெறும் தண்ணீரை மட்டும் கீழே அனுப்பும். அதோடு ஏற்கெனவே பள்ளத்தில் நிற்கும் பழைய தண்ணீர்தான் முதலில் கீழே தள்ளப்படும். மீட்டர் எண்தான் நம்பகமானது. வெள்ளை கிரௌட்டில் கலர் கறையாகிவிடும் என்பதையும் மேல் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் விஷயத்தில் விடை இந்த வரிசையின் முதல் படியிலேயே வந்தது. டிராப்பில் ஊற்றிய மறுநாள் கூரை மூலையில் மீட்டர் எகிறியது. டிராப்புக்கும் வெளியே போகும் குழாய்க்கும் நடுவிலிருந்த ஜாயின்ட் விட்டிருந்தது. டிராப்பைச் சுற்றி மட்டும் இரண்டடிக்கு இரண்டடி உடைத்தால் போதும் என்றாகிவிட்டது. முதலிலேயே தண்ணீர் நிறுத்தியிருந்தால் பாத்ரூம் முழுவதையும் பெயர்க்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

6. பிரஷர் சோதனை

சப்ளை லைன் மீது சந்தேகம் இருந்தால் மட்டும். பிளம்பர் கைப்பம்பும் கேஜும் கொண்டுவருவார். ஒரு பாத்ரூம், அரை நாள் வேலை. சென்னையில் எங்களுக்குச் சொன்ன கூலி 1,500-லிருந்து 3,000 ரூபாய் வரை.

செய்ய வேண்டியது: மாடி வால்வை மூடினால் போதாது, முடிந்தால் அந்த முனையைக் கழற்றி டம்மி (குழாய் வாயை மூடும் அடைப்பான்) போட்டு அடையுங்கள். கீசரைக் கழற்றி, சுடுதண்ணீர் லைனையும் பச்சைத்தண்ணீர் லைனையும் ஒரு ஹோஸால் இணையுங்கள். ஹெல்த் ஃபாஸட்டையும் ஷவரையும் கழற்றி டம்மி போடுங்கள். உயரமான முனையில் காற்றை வெளியேற்றிவிட்டுப் பம்ப் அடியுங்கள்.

எவ்வளவு அழுத்தம்? இங்கேதான் பொறி. புதுக் கட்டடத்துக்கு அடிக்கும் அழுத்தத்தைப் பதினைந்து வருட லைனில் அடித்தால் நல்ல ஜாயின்ட்டும் விட்டுப்போகும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு) 1 கிலோதான்; மூன்று மாடிக் கட்டடத்தில் தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் எங்கேயும் 2 கிலோவைத் தாண்டாது. நான்கு கிலோ தாராளம். பிரஷர் பம்ப் வைத்திருக்கும் வீடுகளில் அந்தப் பம்பின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு.

முதல் சில நிமிடம் முள் கொஞ்சம் இறங்கும், மிச்சக் காற்றுதான். மறுபடி அடித்து ஒரு மணி நேரம் பாருங்கள். நின்றால் லைன் நன்றாக இருக்கிறது. இறங்கினால் ஹோஸைக் கழற்றிச் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் இரண்டையும் தனித்தனியாக அடியுங்கள். எது இறங்குகிறதோ அந்த லைனின் முனைகளை முதலில் பாருங்கள். சிபிவிசி பைப் (இப்போது வழக்கமான பிளாஸ்டிக் பைப்) நடுவில் தானாக உடைவது குறைவு. குழாய் மாட்டும் பித்தளை எல்போ, சரியாகப் பசை பிடிக்காத ஜாயின்ட், அல்லது கண்ணாடி, டவல் ராடு மாட்ட டிரில் போட்ட இடம், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். சுவரில் சமீபத்தில் யாராவது ஆணி அடித்தார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். பழைய ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்) என்றால் கதை வேறு. அது உள்ளிருந்து துருப்பிடித்து எங்கு வேண்டுமானாலும் போகும். ஒரு இடத்தை ஒட்டினால் ஆறு மாதத்தில் அடுத்த இடம். அதில் துப்பறிந்து பணத்தை வீணாக்காமல் லைனையே மாற்றுவதுதான் சிக்கனம்.

7. தெர்மல் கேமராக்காரரை எப்போது கூப்பிடுவது

பிரஷர் சோதனையில் லைன் ஒழுகுகிறது என்று தெரிந்து, எங்கே என்று தெரியாதபோது. அதற்கு முன் வேண்டாம். ஒரு வீட்டைப் பார்த்து ரிப்போர்ட் தர எங்களிடம் 4,000-லிருந்து 10,000 வரை கேட்டார்கள், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

தெர்மல் கேமரா சுவரை ஊடுருவிப் பார்க்காது. சுவரின் மேல்பரப்பு வெப்பத்தைத்தான் காட்டும். ஈரமான இடம் ஆவியாவதால் சற்றுக் குளிர்ந்திருக்கும், அது படத்தில் நீலமாக வரும். ஆனால் ஏசி காற்று பட்ட இடமும் நீலமாகத்தான் வரும். பளபள டைல்ஸில் எதிரே நிற்பவரின் உடல் சூடு பிரதிபலிக்கும். அதனால் அவர் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தி, அலமாரியை நகர்த்தி வையுங்கள். நீலம் காட்டிய இடத்தில் ஈர மீட்டரையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஈரம்.

கேமரா நிஜமாகவே ஜொலிக்கும் இடம் சுடுதண்ணீர் லைன். கீசரை நன்றாகக் காய வைத்து, சுடுதண்ணீரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் பைப் போகும் பாதை முழுவதும் படத்தில் கோடாகத் தெரியும். ஒழுகும் இடத்தில் கோடு வீங்கிப் பரவும். பிளம்பிங் வரைபடம் இல்லாதவர்களுக்கு இது இலவச வரைபடம், சேமித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மீட்டர் எண்ணை அப்படியே ஈரத்தின் சதவீதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அளவுகோல் மரத்துக்கு ஏற்பட்டது. உப்புப் பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் எண் அதிகமாகக் காட்டும். அதே வீட்டில் காய்ந்த சுவர் ஒன்றின் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். சுவரில் ஓரடிக்கு ஓரடி சாக்பீஸ் கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் எண்ணை எழுதினால் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

ஒலி கேட்கும் கருவி நம் வீடுகளில் அவ்வளவாக உதவாது. அதற்கு லைனில் நல்ல அழுத்தம் வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் மெல்லிய அழுத்தத்தில் ஒழுகல் சத்தமே போடாது. காற்றை அடித்து அழுத்தம் ஏற்றிவிட்டுக் கேட்கிறோம் என்றால் சரி. 5 சதவீதம் ஹைட்ரஜன், மீதி நைட்ரஜன் கலந்த வாயுவை லைனில் விட்டு, சுவரின் மேல் முகர்ந்து பார்க்கும் கருவியும் உண்டு. அந்தக் கலவை தீப்பிடிக்காது. இதை வைத்திருக்கும் ஆட்கள் குறைவு, கட்டணமும் அதிகம்.

"இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று வருபவர் எந்தக் கெமிக்கலை விற்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். பார்ப்பவரும் சரிசெய்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. எழுத்தில் ரிப்போர்ட், தேதி, கேமரா படங்கள், சோதனையின்போது இருந்தவர்கள் பெயர், இவை இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

8. உடைக்கும் நாள்

கட்டிங் மெஷினால் நான்கு பக்கமும் வெட்டிவிட்டு உளி வைக்கச் சொல்லுங்கள். நேராகச் சுத்தியல் விழுந்தால் பக்கத்து டைல்ஸும் போகும். அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது, வீடு கட்டும்போது மிச்சமானது லாஃப்டில் கிடக்கிறதா பாருங்கள். திறந்ததும் போட்டோ, வீடியோ, ஸ்கேல் வைத்து. மேல் வீட்டுக்காரரையும் செயலாளரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். சரிசெய்த பிறகு உடனே மூடாதீர்கள். பைப் என்றால் பிரஷர் சோதனை மறுபடி. டிராப் என்றால் பக்கெட் தண்ணீர் மறுபடி. சிபிவிசி பசை காய ஒரு நாள் கொடுங்கள். கொத்தனார் "நாளைக்கு வேற சைட்டு இருக்கு" என்று அவசரப்படுத்துவார். விட்டுக்கொடுக்க வேண்டாம்.

9. பணம் யாருடையது

வெளிச்சுவர், மொட்டை மாடி, டக்ட் (குழாய்கள் இறங்கும் பொது இடைவெளி), பொதுக் குழாய் எல்லாம் பொதுச் சொத்து, சங்கத்தின் பொறுப்பு. ஒரு வீட்டுக்குள் மட்டும் பயன்படும் பைப்பும் பாத்ரூம் தரையும் அந்த வீட்டுக்காரருடையது என்பதுதான் பொதுவான நடைமுறை. உங்கள் பைலாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி கட்டமைப்புப் பழுதும் பிளம்பிங் பைப் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைதான் உங்களுடையது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு புதுசு என்றால் சாவி வாங்கிய தேதியைப் பாருங்கள். ரெரா சட்டம் (வீடு வாங்குபவர்களுக்கான 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 14(3) பிரிவின்படி, ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை என்று தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தெரிவிப்பது எழுத்தில் இருக்கட்டும்: மின்னஞ்சல், கூடவே ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். சைட் இன்ஜினியரிடம் போனில் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கஷ்டம். அவர் "பாக்கறேன் சார்" என்று சொல்லியே ஐந்து வருடத்தை ஓட்டிவிடுவார். செய்யவில்லை என்றால் தமிழ்நாடு ரெராவில் புகார்.

எல்லாக் கட்டடமும் ரெராவுக்குள் வராது. நிலம் 500 சதுர மீட்டருக்குள், அல்லது வீடுகள் எட்டுக்குள் என்றால் பதிவு கட்டாயம் இல்லை. புறநகரில் அரை கிரவுண்ட், ஒரு கிரவுண்டில் எழும் நான்கு வீட்டுக் கட்டடங்கள் இந்தக் கணக்கில்தான் வரும். அப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு வருடக் கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: திடீரென்று பைப் வெடித்துத் தண்ணீர் கொட்டினால் கிளெய்ம் வாய்ப்பு உண்டு, மாதக்கணக்கில் மெல்ல ஊறிய சுவருக்குப் பொதுவாகக் கிடைக்காது.

10. காய விட்டுத்தான் பெயின்ட்

ஒழுகல் நின்ற மறுநாளே சுவர் காய்ந்துவிடாது. நாலரை இஞ்ச் செங்கல் சுவர் காய்வதற்கே வெயில் காலத்தில் ஓரிரு மாதம் பிடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். சங்கன் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வடியும்வரை கீழே சொட்டுவது தொடரலாம். அதைப் பார்த்துவிட்டு "வேலை சரியில்லை" என்று மேல் வீட்டில் மறுபடி உடைக்கச் சொல்லிவிடாதீர்கள். பென்சில் கோட்டுக்குள் ஈரம் சுருங்குகிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். உப்பை ஈரத்துணியால் துடைக்காமல் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். ஈரத்துணி அதைக் கரைத்துச் சுவருக்குள்ளேயே திருப்பி அனுப்பும். பொரிந்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்திவிட்டால் சீக்கிரம் காயும்.

மீட்டர் எண் காய்ந்த சுவரின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து, இரண்டு வாரம் அங்கேயே நின்ற பிறகு பூச்சு, அது காய்ந்த பிறகு பட்டி, பிரைமர், பெயின்ட். பெயின்ட் கடையில் "ஈரத்து மேலயே அடிக்கலாம்" என்று ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். அதை அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரின் அடுத்த பக்கத்தில், பெரும்பாலும் பக்கத்து அறையில், கொப்பளிக்க ஆரம்பிக்கும்.